மழை பெய்தால் நெட் இல்லை, போன் எடுத்தால் நெட் இல்லை: வீட்டு வயரிங்கில் பிழை தேடும் வழி

பிராட்பேண்ட் வேகம் வரவில்லை என்றதும் புகார் எண்ணுக்கு போன் போடுகிறோம். மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் லைன்மேன் வருகிறார், அவர் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அவர் போன மறுநாளே பழைய கதை. இப்படி மாதக்கணக்கில் போராடுகிற குடும்பங்கள் சென்னையில் நிறைய. பல வீடுகளில் கோளாறு தெருவில் இருப்பதே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் ஓடும் கடைசி பத்து இருபது மீட்டர் வயரில் இருக்கிறது. அந்தப் பகுதிக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, நாமும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், சுருள் வயர் வைத்த சாதாரண போன் ஒன்று, முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். கார்ட்லெஸ் போன் இந்த வேலைக்கு ஆகாது. அதன் சொந்த இரைச்சலையும் லைனின் இரைச்சலையும் பிரித்துக் கேட்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. போன் லைனில் சாதாரணமாக 48 வோல்ட்டை ஒட்டி நேர்மின்னோட்டம் இருக்கும். அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் ரிங் வரும்போது 70, 80 வோல்ட் மாறுமின்னோட்டம் ஓடும். ஈரக் கையோடு கம்பியைப் பிடித்திருக்கும்போது யாராவது போன் செய்தால் நன்றாகவே அதிரும். இடி மின்னல் இருக்கும்போது வயரைத் தொடவே வேண்டாம்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்வோம்

வேகம் குறைவு என்று வரும் புகார்களில் ஒரு பங்கு, வேகம் சரியாக இருக்கும்போதே வருகிறது. பிளானில் 100 என்று போட்டிருப்பது வினாடிக்கு 100 மெகாபிட். கம்ப்யூட்டர் ஒரு கோப்பை இறக்கும்போது காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்க வழியே இல்லை. 11 அல்லது 11.5 தெரிந்தால் உங்கள் இணைப்பு முழு வேகத்தில்தான் ஓடுகிறது. 40 மெகாபிட் பிளானில் 2 ஜிகாபைட் படம் ஒன்றை இறக்க ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுப் புகார் செய்யப் போகலாம்.

"40 வரை" என்று விளம்பரத்தில் வருகிற அந்த "வரை"யையும் கவனிக்க வேண்டும். பிராட்பேண்ட் என்ற பெயருக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு மிகவும் சிறியது. 2004 கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் ஆனது. உங்கள் பிளான் தாளில் அளவு தீர்ந்த பிறகு என்ன வேகம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எந்த நேரத்தில் சோதித்தாலும் அசையாமல் ஒரே குறைந்த எண் வந்தால், அந்த மாதத்து ஒதுக்கீடு முடிந்திருக்கலாம். அதை முதலில் பார்த்துவிட்டு வயரைத் திறங்கள்.

செம்புக் கம்பியில் வரும் டி.எஸ்.எல். இணைப்பில் இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று, மோடமும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ளும் இணைப்பு வேகம். இதை பிரவுசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பார்க்கலாம். இன்னொன்று, ஸ்பீட் டெஸ்ட் காட்டும் வேகம். டி.எஸ்.எல்.லில் பரவலான வகையான ஏ.டி.எஸ்.எல். தரவை 53 பைட் கொண்ட சின்னப் பொட்டலங்களாக அனுப்புகிறது. அதில் சரக்கு 48 பைட்தான், மீதி 5 பைட் தலைப்பு. இன்னும் சில மேற்செலவுகளும் சேர்ந்து இணைப்பு வேகத்தில் 13 முதல் 15 சதவீதம் வழியிலேயே கழிந்துவிடும். 16 மெகாபிட் இணைப்பில் டெஸ்ட் 13.5 அல்லது 14 காட்டினால் அது நியாயமான கணக்கு. இணைப்பு 16, டெஸ்ட் 4 என்றால் கோளாறு செம்புக் கம்பியில் இல்லை; அதற்கு முன்போ பின்போ இருக்கிறது. இணைப்பு வேகமே 4 என்றால் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். கீழே வருகிற எல்லா அறிகுறிக்கும் இந்த ஒரு பிரிவினைதான் அடிப்படை.

மோடம் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று லைன் அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளலாம். 28 காட்டினால் எக்ஸ்சேஞ்ச் சுமார் 2 கிலோமீட்டர் கேபிள் தூரத்தில் இருக்கிறது. (கேபிள் தூரம் நடக்கும் தூரம் ஆகாது. பக்கத்துத் தெருவில் எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் கேபிள் பில்லர் எனும் தெருவோர இணைப்புப் பெட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும்.) இரண்டாவது எண் எஸ்.என்.ஆர். மார்ஜின், அதாவது இரைச்சலுக்கு மேலே சிக்னலுக்கு எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்பது. 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. 6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் அடிக்கடி அறுந்து அறுந்து வரும்.

ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்பதன் உச்சம் 24 மெகாபிட். அது எக்ஸ்சேஞ்சை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான். 3 கிலோமீட்டர் கேபிளைத் தாண்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. உங்கள் அட்டெனுவேஷன் 50 என்றால் வீட்டு வயரிங்கைத் தங்கத்தில் போட்டாலும் பலன் இல்லை. ஃபைபருக்கு மாறுவதுதான் வழி.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை இதுதான்

தெருவிலிருந்து வரும் டிராப் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். தனி வீடு என்றால் வாசல் பக்கச் சுவரிலோ முதல் மாடி ஜன்னல் ஓரத்திலோ ஒரு சின்ன வெள்ளை ரோசட் பெட்டி இருக்கும். அடுக்குமாடி என்றால் கீழே மீட்டர் போர்டு பக்கத்தில் டிபி பெட்டி, அதாவது வீடுகளுக்குப் போன் லைனைப் பிரித்துத் தரும் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ஜோடி வயர் மேலே வந்து உங்கள் வீட்டு முதல் பெட்டியில் முடியும். டிபி பெட்டி கம்பெனியுடையது, அதைத் திறக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கலாம்.

உள்ளே இரண்டு திருகில் வெளி வயர் முடிந்திருக்கும். அதே திருகிலிருந்து இன்னொரு ஜோடியோ பல ஜோடிகளோ ஹால், பெட்ரூம், மாடி என்று கிளம்பிப் போயிருக்கும். எது வெளியிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு, உள்ளே போகும் ஜோடிகளை மட்டும் கழற்றி நுனிகள் ஒன்றோடொன்று தொடாமல் ஒதுக்கி வையுங்கள். இப்போது மோடத்தை ஒரு சின்ன வயரில் நேராக இந்தப் பெட்டியில் மாட்டுங்கள். போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டாம், போன் வேண்டாம், எதுவும் வேண்டாம். இணைப்பு வேகம், அட்டெனுவேஷன், மார்ஜின் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, மோடம் வழக்கமாக இருக்கும் இடத்தில் அதே மூன்று எண்களையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டு வயரிங் தின்கிற வேகம். இணைப்பு வேகம் வாசலில் 14, பெட்ரூமில் 6 என்றால் லைன்மேனைக் கூப்பிட வேண்டாம். இரண்டு இடத்திலும் 6 என்றால் வீட்டுக்குள் தேடுவது வீண். வெளி லைன் பழுது, அல்லது எக்ஸ்சேஞ்ச் தூரம்.

அறிகுறி: மழை பெய்தால் நெட் போகிறது, போனில் கரகரப்பு

சென்னையில் இதுதான் முதலிடம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கியதும் ஆரம்பிக்கும், டிசம்பர் முடியும்வரை இழுக்கும். காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு ஜாயின்ட். இரண்டு செம்புக் கம்பிகளைக் கையால் முறுக்கி மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். ஓரிரு வெயில் காலத்தில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தளர்ந்துவிடும். தண்ணீர் உள்ளே போகும். லைனில் எப்போதும் நேர்மின்னோட்டம் இருப்பதால் ஈரம் பட்ட செம்பு வெறும் துருவைவிட வேகமாக அரிக்கப்படும். பச்சையாகப் பொடி பூக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், ராயபுரம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாக்கிவிடும். அங்கே மழைகூடத் தேவையில்லை, இரவுப் பனி போதும்.

சோதிக்கும் விதம்: வயர் வைத்த போனை முதல் பெட்டியில் மாட்டி ரிஸீவரை எடுங்கள். டயல் டோன் கேட்கும். ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டோன் நின்று சில வினாடிகள் லைன் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வறுப்பது போலப் படபடவென்று சத்தம் வந்தால் ஈரமான அல்லது அரித்துப்போன ஜாயின்ட். ஒரே சீராக "ம்ம்" என்று உறுமினால், ஜோடியில் ஒரு கம்பி எங்கோ நிலத்தோடு கசிகிறது, அல்லது கரன்ட் வயருக்கு மிக அருகில் ஓடுகிறது. சன்னமாக வேறு யாரோ பேசுவது கேட்டால் பக்கத்து ஜோடியோடு கலப்பு. அது கம்பெனி பார்க்க வேண்டியது.

உள் வயர்களைக் கழற்றிய நிலையில் சத்தம் இல்லை, மாட்டினால் வருகிறது என்றால் கோளாறு உங்கள் வீட்டில். கழற்றி வைத்த ஜோடியில் எல்லா போன்களையும் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு கம்பிக்கும் நடுவே பாருங்கள். நல்ல வயர் என்றால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. சில ஆயிரம் ஓம் என்று ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஈரம் இருக்கிறது. மாடிப் போர்ஷனுக்கு வெளிச்சுவர் வழியாகப் போகும் எக்ஸ்டென்ஷன், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓடும் வயர், பால்கனியில் வெயில் பட்டு வெடித்த வயர், இவற்றிலிருந்து தேடுங்கள். வெளி வயரையும் இதே போல வோல்ட்டில் பார்க்கலாம். வெயில் நாளில் 48ஐ ஒட்டி நின்றது மழை நாளில் இறங்கி ஆடுகிறது என்றால், கசிவு டிபிக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. டிராப் வயர் மரக்கிளையில் உரசுகிறதா என்று தெருவில் நின்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். காற்று அடிக்கும்போது மட்டும் நெட் துண்டிக்கிறது என்றால் பெரும்பாலும் அதுதான்.

சரிசெய்வது சுலபம். அரித்த பகுதியை வெட்டி எறியுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் முறுக்குவது இரண்டு மாதம்கூடத் தாங்காது. உள்ளே களிம்பு நிரப்பி வரும் சின்ன இணைப்பான்கள் கடைகளில் கிடைக்கும். கம்பியைத் தோல் உரிக்காமலே நுழைத்து இடுக்கியால் அழுத்தினால் போதும், தண்ணீர் புகாது. ஜாயின்ட்டே இல்லாமல் முழு வயராக மாற்ற முடிந்தால் அதைவிட நல்லது. வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கீழ்நோக்கி ஒரு சின்ன வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் வராது. பழைய லைன்மேன்கள் இதைத் தவறாமல் செய்வார்கள். இப்போது அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: போன் வந்தாலோ ரிஸீவரை எடுத்தாலோ நெட் துண்டிக்கிறது

ஒரே ஜோடியில் பேச்சும் நெட்டும் சேர்ந்து வருகின்றன. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, ஏ.டி.எஸ்.எல். 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர். வீட்டில் போன் எத்தனை இடத்தில் மாட்டியிருக்கிறதோ அத்தனைக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகத்தான் லைன் போக வேண்டும். மாடியில் அப்பா அறையில் இருக்கும் பேரலல் போனை, மூலையில் கிடக்கும் பழைய ஃபேக்ஸை, காலர் ஐடி பெட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதில் ஒன்று நேராக லைனில் இருந்தாலும் ரிஸீவரை எடுத்த கணம் நெட் விழும்.

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக மாட்டுவதைவிட, முதல் பெட்டியிலேயே ஒரு ஸ்ப்ளிட்டரை வைத்து, மோடத்துக்குப் போவதை அங்கேயே பிரித்துவிட்டு, வீட்டின் மற்ற எல்லா வயரையும் போன் முனையில் கட்டிவிடுவது மேல். நான் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இப்படிச் செய்தால் அடுத்த அறிகுறியும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

ஸ்ப்ளிட்டர் எல்லாம் சரி, இன்னும் துண்டிக்கிறது என்றால் ஸ்ப்ளிட்டரை மாற்றிப் பாருங்கள், மலிவானவை பழுதாகின்றன. அதன் பிறகும் தொடர்ந்தால் வழியில் பாதி விட்டுப்போன ஒரு ஜாயின்ட் இருக்கிறது. இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: சில லைன்களில் போனை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்வரை நெட் நன்றாக இருக்கும், வைத்த சிறிது நேரத்தில் கெடும். பேசும்போது ஓடும் மின்னோட்டம் அந்த அரித்த இணைப்பைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கிறது. இதைக் கவனித்திருந்தால் லைன்மேனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர் உடனே புரிந்துகொள்வார்.

அறிகுறி: நெட் வருகிறது, ஆனால் பாதி வேகம்தான்

வாசல் சோதனையில் நல்ல எண், உள்ளே மோசமான எண் வந்தவர்களுக்கு இது. குற்றவாளி பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் வயர்.

முனையில் போனே இல்லாத வயர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. டி.எஸ்.எல்.லுக்கு ஆகும். சிக்னல் அந்தக் கிளைக்குள்ளும் போய், திறந்த முனையில் மோதித் திரும்பி வந்து, அசல் சிக்னலோடு மோதும். கிளையின் நீளத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 30 மீட்டர் கிளை என்றால் அந்தப் பள்ளம் 1.6, 1.7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, ஆகவே நடுவில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகும். 30 மீட்டர் என்பது கீழ்வீட்டு ஹாலிலிருந்து மொட்டை மாடி அறை வரை போய்விடும் நீளம்தான். கூட்டுக் குடும்பம் பிரிந்து மூன்று போர்ஷன் ஆன வீடுகளில் இப்படி நாலைந்து கிளைகள் சுவருக்குள் உயிரோடு இருக்கும். எல்லாவற்றையும் முதல் பெட்டியிலேயே கழற்றிவிடுங்கள்.

அடுத்து, வயரின் வகை. கடையில் மலிவாகக் கிடைக்கும் தட்டையான போன் வயரில் இரண்டு கம்பிகளும் பக்கம் பக்கமாக நேராக ஓடும். முறுக்கிய ஜோடி வயரில் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி, மோடத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தட்டை வயரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அது ஆன்டெனா போல எல்லாவற்றையும் பிடிக்கும். சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. ஏ.டி.எஸ்.எல். தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் 720 என்பது 167ஆவது பட்டையில் நேராக உட்காருகிறது. மோடம் பக்கத்தில் பட்டைவாரியாக வரைபடம் காட்டும் வசதி இருந்தால், 167ஐச் சுற்றி ஒரு பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் வயர் வானொலியை வாங்கிக்கொண்டிருக்கிறது. மோடத்திலிருந்து சுவர் வரை 10 மீட்டர் தட்டை வயர் ஓடும் வீடுகளில், அதை முறுக்கு ஜோடி வயராக மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, கரன்ட் வயரோடு ஒரே பைப்பில் ஓடும் போன் வயர். கன்சீல்டு வயரிங் செய்யும்போது பைப் மிச்சம் பிடிக்க எலக்ட்ரீஷியன்கள் இப்படிச் செய்துவிடுவார்கள். இது வேகத்துக்கும் கெடுதல், உயிருக்கும் ஆபத்து: உள்ளே இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் போன் லைனில் ஏறும். உடனே பிரித்தாக வேண்டும். இரைச்சல் எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, மார்ஜின் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மின்விசிறி ரெகுலேட்டர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், டிவி பெட்டியின் அடாப்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒன்றை அணைத்ததும் மார்ஜின் 3, 4 டெசிபெல் ஏறினால் அதை மோடத்திடமிருந்து தள்ளி வையுங்கள்.

அறிகுறி: சாயங்காலம் ஆனால் மந்தம்

இணைப்பு வேகம் மாறாமல் டெஸ்ட் மட்டும் இரவு 8 மணிக்குக் குறைகிறது என்றால், அது கம்பெனியின் பக்கத்து நெரிசல். வயரைத் தொடாதீர்கள். காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரு வாரம் எண்களை எழுதி வைத்துப் புகாரோடு கொடுங்கள்.

இணைப்பு வேகமோ மார்ஜினோ பொழுது சாய்ந்ததும் இறங்கினால் அது வேறு விஷயம். இருட்டியபின் மத்திய அலை வானொலி வெகுதூரம் பயணம் செய்யும். வெளியூர் நிலையங்களின் இரைச்சலும் கம்பியில் ஏறும். நண்பகலில் மோடத்தைப் போட்டால் அது அமைதியான நேரத்தை நம்பி அதிக வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும், இரவில் தாங்காமல் அறுந்துவிடும். இரவு 9 மணிக்கு ஒரு முறை மோடத்தை அணைத்துப் போட்டால் சற்றுக் குறைந்த வேகத்தில் நிலையாக நிற்கும்.

அறிகுறி: டெஸ்டில் நல்ல எண், வீடியோ கால் மட்டும் திணறுகிறது

யாருடைய போனோ படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. செம்பு இணைப்பில் மேலே போகும் வழி 1 மெகாபிட்டை ஒட்டித்தான். அது நிரம்பினால் கீழே வருவதும் திணறும். இரவில் ஏற்றும்படி மாற்றுங்கள்.

அறிகுறி: ஃபைபர் போட்டும் 94இல் நின்றுவிடுகிறது

200 அல்லது 300 மெகாபிட் பிளான் எடுத்தவர்கள் டெஸ்டில் 93, 94 என்றே பார்த்தால், ஃபைபர் நன்றாக இருக்கிறது, ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் லான் வயரில் கோளாறு. 100 மெகாபிட் ஈதர்நெட் நடைமுறையில் தரும் உச்சம் அந்த 94தான். ஜிகாபிட் ஓட எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100க்கு நான்கு போதும். 100க்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒன்று முறிந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஜன்னல் கதவு இடுக்கில் நசுங்கிய இடத்தையும், கையால் கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கில் கம்பிகளை வைத்து அழுத்திய முனைகளையும் பாருங்கள். சில ரவுட்டர்களின் துளைகளே 100க்கு மட்டும் செய்யப்பட்டவை. அப்படியானால் வயரை மாற்றிப் பயனில்லை.

கிரிம்ப் செய்பவர்கள் வழக்கமாக விடும் தவறு ஒன்று. நான்கு ஜோடிகளையும் வரிசையாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று போட்டுவிடுவார்கள். டெஸ்டர் எட்டு விளக்கும் எரிந்து எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் 3ஆவதும் 6ஆவதும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே.

செம்பு லைனை விட்டுவிட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சுமாராகப் புதிய அடுக்குமாடிகளில் போனுக்கென்று சுவருக்குள் போட்டிருப்பது நான்கு ஜோடி லான் வயராகவே இருக்கலாம்; ஒரு ஜோடியை மட்டும் போனுக்குக் கட்டியிருப்பார்கள். பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எட்டுக் கம்பி இருந்து, வயர் அறை அறையாகக் கிளை பிரியாமல் நேராகப் போனால், இரண்டு முனையிலும் லான் சாக்கெட் போட்டு ஜிகாபிட் ஓட்டலாம். இரண்டு ஜோடி பழைய வயர்தான் என்றாலும் அந்தப் பைப் வீணில்லை. பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி இழுத்துவிடலாம்.

வீட்டில் ஏற்கனவே உள்ள பேரலல் போன்களை ஃபைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து ஓட்டுவதும் முடியும். ஆனால் அதற்கு முன் பழைய தெரு லைனை முதல் பெட்டியில் முழுக்கக் கழற்றிவிட வேண்டும். அதில் இன்னும் 48 வோல்ட் இருந்தால் ஃபைபர் பெட்டியின் போன் பகுதி எரிந்துபோகலாம்.

அறிகுறி: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு

ஒளி வந்து சேரவில்லை. மெல்லிய ஃபைபர் வயரைச் சின்ன வளையமாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தால் அவிழ்த்துப் பெரிய வளையமாக விடுங்கள். கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பச்சை முனையைப் பிடுங்கி உள்ளே பார்க்காதீர்கள், ஊதவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் ஒளியின் அளவு மைனஸ் 27 டி.பி.எம். அருகே இருந்தால் விளிம்பில் நிற்கிறது, வந்து வந்து போகும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. வடிகால் வேலைக்கோ மெட்ரோ வேலைக்கோ தெருவில் பள்ளம் தோண்டியிருந்தால் அக்கம்பக்கத்திலும் கேளுங்கள்.

அறிகுறி: வை-ஃபையில் மட்டும் மந்தம்

லான் வயரில் நேராக மாட்டிச் சோதியுங்கள். அதில் சரியாக வந்தால் லைனுக்கும் வயரிங்குக்கும் சம்பந்தமில்லை. 200 மெகாபிட் பிளானில் போன் 40, 50 என்று காட்டினால் அது வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; 5க்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும், ஆகவே ரவுட்டர் பரணிலோ செருப்பு அலமாரியிலோ இருக்கக் கூடாது. 2.4ஐ விட முடியாதவர்கள் சேனல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதை வையுங்கள்.

லைன்மேன் வரும்போது

"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் அவர் மோடத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் போவார். உங்களிடம் முதல் பெட்டியில் எடுத்த மூன்று எண்கள் இருக்கின்றன. "அண்ணே, உள் வயரிங் எல்லாத்தையும் கழட்டிட்டு டைரக்டா போட்டாலும் மார்ஜின் 4தான் வருது, மழை வந்தா வோல்ட் இறங்குது. டிபியில ஒரு தடவை மாட்டிப் பாத்துடலாமா?" என்று கேளுங்கள். அங்கே எண் நன்றாக வந்தால் டிபிக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள டிராப் வயரை மாற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. அங்கேயும் மோசம் என்றால் பில்லரிலிருந்து வேறு ஜோடிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். காலி ஜோடி இருந்தால் அன்றே முடியும். மாற்றியபின் அவர் கிளம்புவதற்குள் மூன்று எண்களையும் மறுபடி எடுத்து, தேதியோடும் புகார் எண்ணோடும் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.